சொல்லிவிட்டுக் கிளம்பிய வீடு

இது கட்டுக்கதை என்று சிரிப்பவர்கள் தாராளமாகத் திருக்காட்டுப்பள்ளிக்குப் போய் அந்த வாய்க்கால் தெரு வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.

கயல்விழி திறந்தாள். குடியிருந்த வாடகை வீட்டைத் தை பிறப்பதற்குள் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். இனி யாரும் காலி பண்ணச் சொல்லாத ஒரு சொந்த வீடு வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. வாய்க்கால் தெருவில் பாழடைந்து கிடந்த வீடு யாருடையது என்று விசாரித்தால், ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவளும் சளைத்தவளில்லை. நேரே அந்த வீட்டுக்கே போனாள்.

கதவு திறந்திருந்தது. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில், உள்ளே ஒரே இருட்டு. ஒரு பெரியவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. அடிபட்டிருக்கும் என்று நினைத்தாள்.

"அய்யா, இந்த வீட்ட விலைக்கு..."

"எம் மவன கேளு. நாகநாதன். பூதலூரு, டேசனுக்குப் பின்னாடி."

"சரிங்கய்யா. போயிட்டு வரேன்."

அப்போதுதான் அவர் தலையைத் திருப்பினார்.

"வரணும்."

பூதலூரில் நாகநாதன் கேட்டைத் திறக்கவே இல்லை. "அது விக்கிறதுக்கில்ல. கெளம்புங்க" என்று எரிந்து விழுந்தார்.

"உங்க அப்பாதாங்க உங்கள பாக்கச் சொன்னாரு."

நாகநாதனின் முகம் வெளுத்தது. "கெளம்பும்போது அவருகிட்ட என்ன சொன்னீங்க?"

"போயிட்டு வரேன்னு..."

வெளுத்த முகத்தில் சிரிப்பு வந்தது. உள்ளே ஓடிப்போய்ச் சாவியைக் கொண்டுவந்து, கம்பி வழியாக அவள் கையில் திணித்தார்.

"சாவு வீட்டுல யாராச்சும் சொல்லிட்டுக் கெளம்புவாங்களா? அப்பாவ கெடத்தியிருந்தப்ப, காரியத்துக்குச் சாமான் வாங்க பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல நான் சொல்லித் தொலைச்சேன். அன்னையிலேருந்து பொழுது சாஞ்சா அங்க போயாகணும். இனிமே நீங்க போங்க."

"போகலன்னா?"

"அவரு வருவாரு."

சாவியை அங்கேயே வீசிவிட்டு வீட்டுக்கு வந்தாள். பொழுது சாய்ந்தது. தாழ்ப்பாள் போட்டாள்.

வாசலில் ஒரு சத்தம். தொப்...

தொப்...

நடக்கிற சத்தமில்லை. இரண்டு காலும் சேர்ந்து விழுகிற சத்தம்.

கதவருகே வந்து நின்றது.

"வரேன்னியே..."

தைக்கு முன்பே கயல்விழி வாடகை வீட்டைக் காலி பண்ணிவிட்டாள். வாய்க்கால் தெரு வீட்டை நாகநாதன் காசே வாங்காமல் எழுதிக் கொடுத்தார். பகலில் கடைத்தெருவுக்கு வருவாள். யாரிடமும் பேசமாட்டாள். பொழுது சாய்வதற்குள் ஓட்டமாக உள்ளே போய்விடுவாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. அந்த வீட்டை விட்டுப் போ என்று அவளிடம் இனி யாரும் சொல்லப்போவதில்லை.