பீப்பாய்ச் செடியில் இறங்கிய மஞ்சள்

மழை விட்ட காலையில் கடைக்கதவைத் திறந்ததும் புளித்த கோப்பிப் பழத்தோலின் வாசம்தான் முதலில் மூக்கில் ஏறும். பூ வாசம் அதற்குப் பிறகுதான்...

கண்டி மலையெல்லாம் கோப்பியாய் இருந்த காலம் அது.

எங்களுக்குச் சீலைக்கடை. சரக்கு வந்த மரப்பீப்பாய்களை நடுவில் அறுத்து, அடியில் துளையிட்டு, செங்கல்லில் ஏற்றி வாசலில் வரிசையாக வைத்திருந்தேன். தரையோடு வைத்தால் இந்த ஊர் மழைக்கு வேர் அழுகிவிடும். யாரும் சொல்லித்தரவில்லை, அழுகவிட்டு அழுகவிட்டு நானே கண்டுகொண்டது. நடுவில் உயரமாய் ஒரு செடி, அதைச் சுற்றி மண் தெரியாமல் காசித்தும்பை, விளிம்பில் கீழே தொங்கச் சங்குப்பூக் கொடி. மண்ணுக்கு எவ்வளவு தோல் உரம் என்பதை மட்டும் உலைக்கு அரிசி அளப்பதுபோல் அளந்துதான் போடுவேன்.

தோலைச் சாக்கில் கட்டி அனுப்புகிறவள் என் தங்கை வள்ளி. பன்விலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், கங்காணியின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் கடலுக்கு அக்கரையில், ஊரிலேயே இறந்துபோனார்கள். இந்தச் சீமையில் எனக்கு இரத்த உறவு என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

சம்பளம் கிடைத்ததும் வண்டியில் வந்துவிடுவாள். வந்ததும் என் வீட்டுக்காரரோடு வாய்ச்சண்டை.

"சீலை வாங்க வர்றவங்க பூவப் பாத்துட்டே போயிர்றாங்க, வள்ளி. ஒங்க அக்கா கடையக் கெடுக்கிறா."

"பூவப் பாக்க நின்னவதான் அத்தான் சீலையையும் பாப்பா. ஒங்க மூஞ்சியப் பாக்கவா நிப்பா?"

நடுப் பீப்பாயில் நின்றது அவள் கொண்டுவந்து நட்ட கோப்பிச் செடி. முதல் மழைக்குப் பிறகு ஒரே நாளில் வெள்ளையாய்ப் பூத்து மூடிவிடும். மல்லிகையைப் போல மணக்கும். துரைமாரின் குதிரைகூட அங்கே நின்றுதான் போகும். காலையில் முதல் கொத்து மாரியம்மனுக்கு. அடுத்தது வள்ளி வந்திருந்தால் அவள் கொண்டைக்கு.

ஒரு தடவை வந்தவள் அந்தச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கமெல்லாம் மஞ்சளும் குங்குமமும் கலந்தாற்போல் தூள். விரலில் ஒட்டிக்கொண்டது. அவள் அதை நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா... ஆத்தா எறங்கியிருக்கா. எங்க தோட்டத்துலயும் இப்படித்தான், மல பூரா மஞ்சள் போட்டிருக்கா."

நானும் நம்பினேன். வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டால் எப்படி நடந்துகொள்வோமோ அப்படியே நடந்தோம். தண்டில் வேப்பிலை கட்டினோம். மஞ்சள் நீர் தெளித்தோம். அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினேன். பக்கத்துக் கடைப் பெண்களும் வந்து கும்பிட்டுப் போனார்கள்.

ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சீலை எடுக்க வந்தவர் செடியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது எலையில வர்ற நோவுங்க. புடுங்கி எரிச்சிருங்க."

வள்ளி விடவில்லை. "நோவுன்னு சொல்லாதீங்க ஐயா. வந்திருக்கிறது யாருன்னு தெரியாமப் பேசாதீங்க."

என் வீட்டுக்காரர் செடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "இருந்துட்டுப் போகட்டும்" என்று உள்ளே போய்விட்டார்.

இலைகள் உதிரத் தொடங்கின. என் பீப்பாயில் ஒரு செடி. பன்விலை மலையில் மலை முழுவதும். பழம் பிடிக்கவில்லை. தோல் மூட்டை வருவது நின்றது. கடைசியில் துரை ஆட்களை நிறுத்திவிட்டார்.

ஒரு காலையில் கங்காணியும் ஆட்களும் மூட்டை முடிச்சோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். மாத்தளை வழியாக நடந்து, மன்னாரில் தோணி ஏறி, அக்கரைக்கு.

வள்ளியின் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டு என் வீட்டுக்காரர் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் இங்கேயே நின்னுக்குங்க தம்பி. கடைக்கும் ஒரு ஆள் வேணும்."

அவன் தலை நிமிரவில்லை. "அண்ணன் என்னையும் இத்தன பேரயும் நம்பிக் கூட்டியாந்தவரு. வழியில அவர விட்டுட்டு நான் எப்படிங்க நிக்க?"

நான் வள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் மெல்ல விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். குடத்தில் வேப்பிலையும் மஞ்சளும் கலந்து தூக்கிவந்து, மொட்டையாய் நின்ற செடியின் தலையில் ஊற்றினாள். அம்மை தணிந்தவருக்குத் தலைக்கு ஊற்றுவது போல.

"தண்ணி ஊத்தி அனுப்பாமப் போனா ஆத்தா கோவிச்சுக்குவாக்கா."

என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "இனிமே எல்லாரும் சீலையத்தான் பாப்பாங்க, அத்தான்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெரு முடியும் வரைக்கும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வருஷங்கள் கழித்துத் தேயிலைக்கு ஆள் எடுத்தபோது, அந்தக் கூட்டத்தில் போன ஒருவன் திரும்பி வந்தான். வழியில் வாந்திபேதி கண்டதாம். பயத்தில் கூட்டம் இரண்டாய்ப் பிரிந்ததாம். "நாங்க முன்னால போயிட்டோங்கம்மா. கங்காணியும் அவரு வீட்டாளுங்களும் பின்தங்கிட்டாங்க. அப்புறம் அவங்க கரை சேந்தாங்களான்னு தெரியலீங்க" என்றான்.

இன்று மலையெல்லாம் தேயிலை. கடையில் முன்னைவிட வியாபாரம் நடக்கிறது. பீப்பாய்களும் முன்னைவிட நிறையவே பூக்கின்றன. போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். எனக்குத்தான் ஒன்று புரியவில்லை... அமாவாசையன்று இறந்தவர்களுக்குப் படைக்கும்போது வள்ளியின் பெயரைச் சொல்ல நாக்கு வருவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் உயிரோடு இருப்பவர்களுக்காக வேண்டிக்கொள்ளும்போதும் சொல்லத் துணிவதில்லை.

ஒரு பூவை மட்டும் தனியாகப் பறித்துக் கையில் வைத்துக்கொள்கிறேன். பூஜை முடிந்த பிறகும் அது கையிலேயே இருக்கிறது.