அப்பளம் கேட்ட பேச்சியம்மாள் டீச்சர்

பேச்சியம்மாள் டீச்சர் போய்விட்டாள் என்ற செய்தி, காலையில் இட்லி அவித்துக்கொண்டிருந்தபோது வந்தது. போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் இலஞ்சிக்குப் பஸ் ஏறினேன். தென்காசிப் பள்ளியில் பல வருஷம் அவளோடு வேலை பார்த்தவள் நான்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வெறும் வயிற்றோடு போயிருந்தால் பாடையில் கிடந்தபடியே திட்டியிருப்பாள்.

அக்காவின் சொந்தக்காரர்களே, உங்களுக்கு மறந்திருக்காது. அவள் கணவரை எரித்துவிட்டு ஆண்கள் திரும்பிய அன்று, பக்கத்து வீட்டார் கொண்டுவந்த சோற்றை நன்றாகச் சாப்பிட்டாள். நடுவில், "அப்பளம் இருக்கா?" என்று வேறு கேட்டுவிட்டாள். "புருசனை எரிச்ச சூடு ஆறல, அப்பளம் நொறுக்குதா பாரு" என்றாள் நாத்தனார்.

"அவுக போயிட்டாக. என் வயிறு இங்கனதான இருக்கு?" என்றாள் அக்கா. கை கழுவிவிட்டு வந்து, தெருவே அதிர அழுதாள். அந்த அழுகை உங்களில் ஒருவர் காதிலும் விழவில்லை. அப்பளம் நொறுங்கிய சத்தம் மட்டும் பாவூர்சத்திரம் வரைக்கும் கேட்டிருக்கிறது.

அடுத்த சாரல் சீசனில் அவள் குற்றாலத்தில் பரோட்டாவும் கோழியும் தின்றதையும் பேசினீர்கள். கூட இருந்தது நான்தான். "ஏட்டி, தின்னாத்தான் அழத் தெம்பு வரும். அவுகளுக்கு நான் இன்னும் எம்புட்டோ அழணும்" என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு பரோட்டா வாங்கினாள்.

இப்போது அவளையும் எரித்தாயிற்று. சாயங்காலம் அவள் மகள் கைக்குழந்தையோடு மூலையில் சுருண்டு கிடந்தாள். விடிந்ததிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. பால் இல்லாமல் பிள்ளை வீறிட்டது. அதே நாத்தனார், "பெத்தவ மேல என்ன பாசம் பாருங்க!" என்று மெச்சிக்கொண்டிருந்தாள். அடப் பாவிகளா, பச்சைப்பிள்ளையைப் பட்டினி போடுவதா பாசம்?

சோற்றைப் பிசைந்து அவள் முன்னால் வைத்தேன்.

"நாலு பேரு பேசுவாங்க சித்தி."

"உங்க அம்மையப் பேசாத வாயா? பேசட்டும். ஏட்டி, நீ தின்னு."

முதல் வாயை நான்தான் ஊட்டினேன். அப்புறம் அவளே எடுத்தாள். பாதித் தட்டு காலியானதும் நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள்.

"அத்தை, அப்பளம் இருக்கா?"

கொஞ்ச நேரத்தில் பிள்ளை பால் குடித்துத் தூங்கிப்போனது. அதற்குப் பிறகுதான் மகள் அழுதாள், அம்மையைப் போலவே.

அக்காவிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த ஒரு கேள்விதான். உங்கள் வீடுகளுக்கும் ஒரு நாள் துக்கம் வரும். நீங்கள் கூப்பிடாவிட்டாலும் நான் வருவேன், சோறும் அப்பளமும் எடுத்துக்கொண்டு வருவேன். மரியாதையாகச் சாப்பிடுங்கள்.