கேட் கீப்பர் ஆலிஸின் கழுத்து

கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் ஆலிஸுக்கு இருபத்து மூன்று வருட சர்வீஸ். அப்பா தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவர். பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால் மகளுக்கு வேலை கொடுத்தார்கள். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்சந்தில் வீடு. கணவர் லூயிஸுக்குத் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் லேத் வேலை. ஆலிஸுக்கு இப்போது நாற்பத்தேழு வயது. கழுத்து பிடிக்கும்வரை உடம்புக்கென்று ஒருநாளும் லீவு போட்டவளில்லை.

கேட் கீப்பர் வேலை என்றால் கைப்பிடியைச் சுற்றிக் கேட்டைச் சாத்துவதோடு முடிந்தது என்று வெளியில் நிற்பவர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. பச்சைக் கொடியோடு நின்று, எஞ்சின் தொடங்கிக் கடைசிப் பெட்டிவரை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எங்காவது புகை வருகிறதா, அடியில் ஏதாவது தொங்குகிறதா, கடைசிப் பெட்டியின் பின்னால் பலகை மாட்டியிருக்கிறதா. அந்தப் பலகை கண்ணில் படவில்லையென்றால் வண்டி நடுவில் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அத்திப்பட்டு மின்நிலையத்துக்குப் போகும் நிலக்கரி வண்டி ஐம்பது அறுபது பெட்டி நீளும். அது முழுவதும் வலமிருந்து இடமாக ஓடும்.

ஜனவரியில் ஒரு காலை, அப்படி ஒரு வண்டியின் கடைசிப் பெட்டியைப் பார்க்கத் திரும்பினாள். கழுத்து பாதியில் நின்றுவிட்டது. வலித்தது என்பதைவிட, அங்கே யாரோ கையை வைத்துத் தடுத்ததுபோல் இருந்தது. உடம்பை முழுசாகத் திருப்பித்தான் பலகையைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் தோள்பட்டை, காதுக்குப் பின்னால், தாடை என்று எல்லா இடமும் வலித்தது.

அடுத்த ஷிப்டுக்கு வந்த ஜெயவேல் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டான்.

"இன்னாக்கா, பொம்ம மாதிரி திரும்புற?"

"கய்த்து புட்ச்சிகிச்சிடா."

"ஆபீஸ்ல சொல்லிகினு இருக்காத. மெடிக்கல்ல அன்பிட்டுன்னு எய்தி எங்கியாவது தூக்கிப் போட்ருவானுங்கோ. அப்பறம் பேஜாரு."

அந்த பயத்தில் ரயில்வே ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் வெளியில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, "கழுத்தெலும்பு தேய்ஞ்சிருக்கும்மா" என்றார். மாத்திரையும் கழுத்தில் மாட்ட ஒரு காலரும் கொடுத்தார். தேய்ந்தது இனி வளருமா என்று கேட்க நினைத்தாள். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வேலையில் காலர் போட முடியாது, நாலு பேர் பார்ப்பார்கள். அதனால் வீட்டில் மட்டும் போட்டுக்கொண்டாள். "கோயில்ல நிக்கிற சுரூபம் மாதிரி கீற" என்றார் லூயிஸ். காலர் போட்டால் சுகமாக இருந்தது. கழற்றினால் முன்னைவிட அதிகமாக வலித்தது. இது மருந்தா, இதுவே ஒரு நோயா என்று அவளுக்குப் புரியவில்லை. எதிர்வீட்டில் தலையணையே கூடாது என்றார்கள். பக்கத்து வீட்டில் இரண்டு வைக்கச் சொன்னார்கள். மாற்றி மாற்றி இரண்டையும் செய்தாள்.

போனில் ஒரு யோகா வீடியோ வந்தது. கழுத்து வலிக்கு ஐந்து ஆசனம் என்று போட்டிருந்தது. அதில் ஒரு பெண் தோளைத் தரையில் ஊன்றிக் காலை வானத்துக்குத் தூக்கி நின்றாள். மூன்றாம் நாள் ஆலிஸும் சுவரோரமாகத் தூக்கிப் பார்த்தாள். லூயிஸ் வந்துதான் அவளைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு ஒரு வாரம் தட்டைப் பார்த்துச் சாப்பிடக்கூட முடியவில்லை.

லூயிஸின் பட்டறையில் ஒருவர்தான் மகிழினியைப் பற்றிச் சொன்னார். தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருந்தாள். வியாசர்பாடிப் பெண், முப்பது வயதிருக்கும். ஆலிஸ் உட்காரும்போதே சொல்லிவிட்டாள்.

"சலூன்ல கய்த்த ஒடைக்கிற மாதிரி ஒடச்சிடாதமா."

"அதெல்லாம் செய்யமாட்டேன்க்கா. கை மரத்துப் போகுதா? தலை சுத்துதா?"

இல்லை என்றாள். மகிழினி தன் விரல்களைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். முழங்கையில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் வலிக்குது?"

ஆலிஸ் இடது தோளில் கை வைத்தாள். மகிழினி அங்கே அழுத்தினாள். ஒன்றும் இல்லை. வலது பக்கம் தொட்டதும் துள்ளிவிட்டாள்.

"லெப்ட்டுன்னு சொன்னீங்க."

"லெப்ட்டுல தாம்மா வலிக்கிது. நீ தொட்டா ரைட்டுல வலிக்கிது. எனுக்கே தெரில."

இத்தனை வருடமாகத் தன்னோடு இருக்கும் கழுத்தைப் பற்றி ஒரு கேள்விக்குக்கூடப் பதில் தெரியாதது அவளுக்கு வெட்கமாக இருந்தது. எக்ஸ்ரேவை நீட்டினாள். மகிழினி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்க வயசுல வலியே இல்லாத நிறைய பேருக்கும் எடுத்தா இப்படித்தான்க்கா இருக்கும். இதப் பாத்து பயப்படாதீங்க."

அப்படியானால் டாக்டர் சொன்னது? இந்தப் பெண் சொல்வது? ஆலிஸ் இருவர் முகத்தையும் மனதில் வைத்துப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமாக இரண்டுமே தெரியவில்லை.

மகிழினி அவளைக் குப்புறப் படுக்கவைத்து, கழுத்தை விட்டுவிட்டு முதுகின் மேல்பகுதியில் ஒவ்வொரு எலும்பாகக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினாள். பிறகு மல்லாக்கத் திருப்பி, தலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். இழுக்கிறாளா, சும்மா பிடித்திருக்கிறாளா என்றே தெரியாத அளவுக்கு இழுத்தாள். தன் தலை இவ்வளவு கனமென்று ஆலிஸுக்கு அன்றுதான் தெரிந்தது. எழுந்தபோது இடப்பக்கம் இரண்டு விரற்கடை கூடுதலாகத் திரும்பியது. சாயங்காலத்துக்குள் பழையபடி ஆகிவிட்டது.

இரண்டாம் தடவை போனபோது அதைச் சொன்னாள். "என் கையால கொஞ்ச நேரம்தான் திறந்து விட முடியும்க்கா. மிச்சத்தை நீங்கதான் அசைச்சு வச்சுக்கணும். காலரைக் கழட்டிடுங்க" என்றாள் மகிழினி. காசிமேட்டில் தேசப்பன் என்பவர் காலையில் யோகா சொல்லித்தருகிறார், போங்க என்றும் சொன்னாள்.

தேசப்பன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டி ரிட்டயரானவர். ஒரு சமுதாயக்கூட மாடியில், மீன் வாடைக்கு நடுவே வகுப்பு. ஆலிஸ் காலைத் தூக்கிய கதையைக் கேட்டதும் அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"ஒக்காரு தாயி. கய்த்த ஒண்ணும் பண்ணாத. கைய மேல தூக்கு, மூச்ச உள்ள இய்த்துக்கோ. கைய எறக்கிகினே மெதுவா வுடு."

அரைமணி நேரம் அதையே செய்தாள்.

"இதுக்கு பேரு இன்னா சார்?"

"மூச்சு வுட்றது."

வேறு பேர் இருக்குமென்று நம்பி வந்த ஆலிஸ் குழம்பிப்போய் வீட்டுக்கு நடந்தாள். மகிழினி கழுத்தை அசை என்கிறாள். இவர் கழுத்தைத் தொடாதே என்கிறார். அடுத்த முறை மகிழினியிடம் கேட்டேவிட்டாள். மகிழினி சிரித்து, "ரெண்டும்தான்க்கா" என்றாள். அதுவும் புரியவில்லை. ஆனாலும் இரண்டு இடத்துக்கும் போய்க்கொண்டிருந்தாள், விட்டுவிட இன்னும் பயமாக இருந்ததால்.

மார்ச் மாதம் ஒருநாள் காலை பத்து மணிக்கு நிலக்கரி வண்டிக்காகக் கேட்டைச் சாத்தினாள். இரண்டு பக்கமும் ஆட்டோ, தண்ணீர் லாரி, பள்ளி வேன். வண்டி போனபின் கேட்டைத் திறந்து கொடியைச் சுருட்டும்போது, ஒரு ஸ்கூட்டி ஓரமாக வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால் மகிழினி.

"அக்கா, வண்டி போற வரைக்கும் நீங்க மூச்சே விடல."

"அது எப்டிமா வுடாம இருப்பேன்?"

"தோளை காதுவரைக்கும் தூக்கி, பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னீங்க. நான் பாத்துட்டே இருந்தேன்."

ஆலிஸ் நம்பவில்லை. அடுத்த வண்டிக்குத் தன்னையே கவனித்தாள். எஞ்சின் தாண்டியதும் நெஞ்சு அப்படியே நின்றது. பதினெட்டாவது பெட்டியில் தாங்க முடியாமல் வாயைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடி அடைத்துக்கொண்டாள். உண்மைதான்.

எப்போதிருந்து என்று யோசித்தாள். நாலைந்து வருடம் முன்பு ஒருவன் சாத்திய கேட்டுக்கு அடியில் குனிந்து வண்டிக்கு முன்னால் ஓடினான். வண்டி அவனை மறைத்துவிட்டது. அந்தப் பக்கம் அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரிய அறுபது பெட்டி போக வேண்டியிருந்தது. இருந்தான். ஒரு செருப்பை மட்டும் விட்டுவிட்டு, இவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்து போனான். அன்றிலிருந்தா? அல்லது முதல்நாளிலிருந்தே இப்படித்தானா? அதை யாரிடம் கேட்பது?

மகிழினியிடம் சொன்னபோது அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. "வலி அதனாலதானான்னு எனக்குத் தெரியாதுக்கா. இருக்கலாம். மூச்சை விட்டுத்தான் பாருங்களேன்." முதலில் பாதத்தைத் திருப்பு, பிறகு நெஞ்சு, கடைசியில் கழுத்து என்று நின்று காட்டினாள். தேசப்பன் சொன்ன நீண்ட மூச்சை நாலு பெட்டிக்கு ஒன்றாக விடப் பழகினாள் ஆலிஸ்.

ஈஸ்டர் தாண்டியபோது கழுத்து முக்கால்வாசி திரும்பியது. ஜூனில் ரயில்வே மெடிக்கல் பரிசோதனை வந்தது. மறைக்கத்தான் நினைத்திருந்தாள், ரயில்வே டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் எல்லாம் வாயில் வந்துவிட்டது. அவர் இரண்டு பக்கமும் திரும்பச் சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தானே திரும்புறீங்க. இதை முன்னாடியே இங்க வந்து சொல்றதுக்கென்ன?" என்று சொல்லி, 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து மாத பயம் அரை நிமிடத்தில் முடிந்ததை ஆலிஸால் நம்ப முடியவில்லை. வெளியே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் மழையில் எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு வாரம் வலி வந்தது. தானாகவே போனது. இந்தத் தடவை காலரைத் தேடவில்லை.

டிசம்பரில் ஜெயவேல் டியூட்டிக்கு வரும்போது தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தான்.

"யக்கா, எனுக்கும் புட்ச்சிகிச்சி. உனுக்கு எதுல சரியாச்சி?"

ஆலிஸ் யோசித்தாள். மகிழினியின் கையா, தேசப்பனின் நாற்காலியா, மூச்சா, பயம் போனதா, வெறுமனே நாள் போனதா.

"தெரிலடா."

"தெரிலன்னா இன்னாக்கா அர்த்தம்? நான் எங்க போறது?"

"அந்தப் பொண்ணாண்ட போ. தண்டியார்பேட்ட. போறப்ப எக்ஸ்ரே எட்த்துகினு போ."

"அவுங்க பாப்பாங்களா?"

"பாத்துட்டு, பயப்படாதன்னு திருப்பிக் குட்த்துருவா. இருந்தாலும் எட்த்துகினு போ" என்றாள் ஆலிஸ்.