தட்டும் பாட்டும்

மேடையில் அடி வாங்கியே காலத்தை ஓட்டியவர் என் அப்பா. அன்றைய மலையாள நாடகங்களில் சாப்பாட்டுக்கு அலையும் பட்டர், அதாவது தமிழ்ப் பிராமணர், ஒருவர் கட்டாயம் வருவார். குடுமியைப் பிடித்து இழுப்பார்கள், கன்னத்தில் அறைவார்கள், கொட்டகை அதிரும். அந்த வேஷத்துக்கு அப்பாவை விட்டால் ஆள் கிடையாது. நாங்களும் கரமனை அக்ரகாரத்துத் தமிழர்கள்தான். டிக்கெட் வாங்கிச் சிரித்த அதே ஜனங்கள் தெருவில் அவரைக் கண்டால் "கூத்தாடி" என்று முணுமுணுப்பார்கள். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான சமயம், கிழக்கேகோட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு அந்த வரன் பிடித்திருந்தது, மறைப்பானேன்? நான் பாடியபோது பிள்ளை தொடையில் விரலால் தாளம் போட்டார். அவருடைய அப்பா சர்க்கார் ஆபீஸில் சூப்பரண்டு. பஜ்ஜி கொண்டுபோகும்போதெல்லாம் "எனக்கு வேண்டாம், வேண்டாம்" என்பார். வாய் சொல்லும்போதே கை தட்டை முன்னால் தள்ளும்.

தின்று முடித்து அப்பாவிடம் திரும்பினார். "ஓய், அந்தப் பட்டரைக் கொஞ்சம் பண்ணிக் காட்டுமேன். இவா யாரும் பார்த்ததில்லை, கேட்டேளா."

வேண்டாம் என்று அப்பாவிடம் கண்ணால் கெஞ்சினேன். சம்பந்தியாகப் போகிறவர் மனம் கோணக்கூடாதே என்று அவர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்திலேயே அடிவாங்கி ஓடிக் காட்டினார். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாள் தரகர் வந்தார். "கூத்தாடி ஆத்துப் பொண்ணு சரிப்படாதாம். நேத்திக்குக் கண்ணாலேயே பார்த்துட்டாளோல்லியோ."

அடுத்த நாடகத்துக்கு அந்த சூப்பரண்டு குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்ன நெஞ்சழுத்தம்! சீன் மாற்றும் நேரத்தில் படுதாவுக்கு முன்னால் வந்து ஜனங்களைப் பிடித்துவைப்பது காமெடியன் வேலை. அங்கே அப்பாவின் வாய்க்குப் பூட்டு கிடையாது. அப்பா ஒரு நாற்காலியோடும் தட்டோடும் வந்து உட்கார்ந்தார். "எனிக்கு வேண்டா, வேண்டா" என்றார். தட்டு முன்னால் போனது. பிறகு பெண்ணும் அவரே ஆனார். தலை குனிந்து, மேல்துண்டின் நுனியைத் திருகிக்கொண்டு என் பாட்டைப் பாடினார். என் குரல் நடுங்கிய இடத்தில் அவர் குரலும் நடுங்கியது. பெண்கள் வரிசையில் என்னருகே இருந்த அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நாடகம் முடிந்து நான் மேடைக்குப் பின்னால் போயிருந்தேன். சூப்பரண்டு அங்கே வந்து என் எதிரிலேயே அப்பாவின் முதுகைத் தட்டினார். "இப்படியும் ஒரு மனுஷன் உண்டா ஓய்? எங்கே பிடிச்சீர்?"

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். "அவர் மானத்தை வாங்கறதுக்கு என் மானத்தை எதுக்கு வாங்கினேள்? அவருக்குத் தன்னை அடையாளம் தெரியலை. அந்தப் பிள்ளைக்கு என்னைத் தெரிஞ்சுடுத்து. அவர் ஒருத்தர்தான் சிரிக்கலை, தலையைக் குனிஞ்சுண்டார்."

அப்பா அரிதாரத்தைக்கூடத் துடைக்கவில்லை.

"அந்த ஆளை ஓங்கி அறையணும்னுதான் போனேன்" என்றார். "எனக்கு அறை வாங்கத்தானேடி தெரியும்."