சனிக்கிழமைகளில் செத்த மீன்கள்

பன்னிரண்டு தங்கமீன்கள். கடைக்காரச் சீனர் வலையால் அள்ளியபோது ஒருமுறை எண்ணினேன். வீட்டுத் தொட்டியில் விட்டபோது ஒருமுறை. மறுநாள் காலை மறுபடியும். மூன்று தடவையும் பன்னிரண்டுதான். பின்னால் நடந்ததற்கு இந்தக் கணக்கு முக்கியம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது முப்பதுகளின் தொடக்கம். பினாங்கில், கடற்கரைத் தெருவில் ஒரு கப்பல் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. ஊர் திரும்பிய ஒரு துரையின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, மூன்றரை அடி நீளமுள்ள அந்தக் கண்ணாடித் தொட்டியை எடுத்தேன். மாடி வீட்டின் முன்னறையில், சன்னலிலிருந்து நாலு முழம் தள்ளி வைத்தேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவி, அவளுடைய தம்பி. ஊரிலிருந்து கப்பலேறி வந்து இரண்டு வருஷமாக எங்களோடு இருந்தான். டிராம் வண்டியில் டிக்கெட் கொடுக்கும் வேலை. அவனுடைய தகரப்பெட்டி முன்னறை மூலையில் இருக்கும், பாயும் அங்கேதான்.

தொட்டிக்காக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தேதி, போட்ட தீனி, மாற்றிய தண்ணீர், மீன்களின் எண்ணிக்கை. வாரம் ஒருமுறை, சனிக்கிழமை விடிந்ததும் தொட்டியில் கொஞ்சம் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத்தண்ணீர் ஊற்றுவேன். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை.

நாலாவது சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து ஒரு மணிக்கு வந்தேன். இரண்டு மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. மற்றவை மேலே வந்து வாயைப் பிளந்தபடி நின்றன. அடுத்த சனிக்கிழமை ஒன்று செத்தது. அதற்கடுத்த சனிக்கிழமை மூன்று. மற்ற ஆறு நாளும் ஒன்றும் சாகவில்லை.

மீன் விற்ற சீனரிடம் போய்க் கேட்டேன். என்ன தண்ணீர் ஊற்றுகிறாய் என்று மலாயில் கேட்டார். பைப்புத் தண்ணீர்தான், தண்ணீர்மலைப் பக்கமிருந்து வருகிற நல்ல தண்ணீர் என்றேன். அப்படியானால் யாரோ எதையோ போடுகிறார்கள் என்றார். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது எனக்கு.

சனிக்கிழமை என் மைத்துனனுக்கு ஓய்வு நாள். நான் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் முன்னறையில் இருப்பவன் அவன் ஒருவன்தான். என் மனைவி சமையற்கட்டைவிட்டு வரமாட்டாள். அவனுக்கு மீன்களைக் கண்டால் எப்போதும் கேலி. "அத்தான், இது பன்னெண்டையும் வறுத்தா மூணு பேருக்குக் காணுமா?" என்று கேட்டவன். நாள் முழுக்கச் செப்புக்காசு புழங்குகிற கை. பச்சைக் களிம்பு ஏறி விரல் நாறும். அந்தக் கையை ஒருநாள் தொட்டிக்குள் விட்டு மீனைத் தொட்டு விளையாடியதை நானே கண்டேன்.

"செம்பு தொட்ட கையை உள்ளே விடாதே. களிம்பு விஷம்" என்று அப்போதே எச்சரித்தேன்.

"சரிலா அத்தான். ஒங்க மீன் டிக்கெட்டு வாங்கட்டும், அப்புறம் தொடுறேன்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பையும் தேதி போட்டு நோட்டில் எழுதினேன். அதன்பிறகு அவன் முன்னறையில் இருந்த நேரங்களையும் எழுதத் தொடங்கினேன். செத்த மீன்களுக்கு எதிரே, காரணம் என்ற இடத்தில், 'மைத்துனன்' என்று போட்டேன்.

மூன்று மீன்கள் ஒன்றாகச் செத்த அன்று என்னால் பொறுக்க முடியவில்லை. "என்ன போட்டாய், சொல்" என்று கேட்டேன்.

"நானா? வெளாட்டா பேசுறீங்களா அத்தான்?"

"நீ வீட்டில் இருக்கிற நாளில்தான் சாகிறது. ஆறு மீன். ஆறும் சனிக்கிழமை."

அவன் அக்காளைப் பார்த்தான். அவள் கரண்டியும் கையுமாக வாசற்படியில் நின்றாள். "ஏங்க, மீனுக்காகவா இப்படி? அவனுக்கு இங்க என்னைய விட்டா வேற யாரு இருக்கா?" என்றாள்.

"மீனுக்காக இல்லை. பொய்க்காக" என்றேன்.

அன்று சாயங்காலமே அவன் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிராம்காரர்கள் தங்கும் வரிசை வீட்டுக்குப் போய்விட்டான். போகும்போது, "அக்கா, பத்திரமா இருங்க. இனிமே சாவுறதுக்கு நான் பொறுப்பில்ல" என்றான். அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு வைப்பாள், போதுமா என்று கேட்கமாட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஒரு மீனும் சாகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. ஆறு மீன்களும் தெம்பாக நீந்தின. வேறென்ன சாட்சி வேண்டும்? அவள் காதில் விழும்படி நான் ஆறு என்று உரக்க எண்ணினேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மூன்றாவது சனிக்கிழமை ஒரு மணிக்கு வந்தபோது இரண்டு மீன்கள் மிதந்தன. மைத்துனன் அந்தப் பக்கம் தலைகாட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டில் இருந்தவள் என் மனைவி மட்டும். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்தான், நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்த பார்வை அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என் பெட்டியையும் எடுத்துக் குடுங்க. நானும் போயிடுறேன்" என்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மைத்துனன் பற்றிய வரிகளைக் கையால் மறைத்துவிட்டு மற்றதை மட்டும் படித்தேன். தீனி எல்லா வாரமும் ஒன்றே. மாற்றிய தண்ணீர் என்ற இடத்துக்கு வந்தபோது விரல் நின்றது. முதல் மூன்று வாரம்: வாளி. மீன் செத்த மூன்று வாரம்: குடம். சாகாத இரண்டு வாரம்: வாளி. இன்று: குடம். என் கையெழுத்துத்தான்.

குடம் என்பது என் மனைவி சீராகக் கொண்டுவந்த செப்புக்குடம். வெள்ளிக்கிழமை காலையில் அதைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்ப்பாள். தண்ணீர் நிரப்பி, பொட்டு வைத்து, பூச்சுற்றிச் சாமி முன்னால் வைப்பாள். பூஜை முடிந்ததும் நாங்கள் ஆளுக்கு ஒரு உத்தரணி குடிப்போம். மீதித் தண்ணீர் இரவெல்லாம் குடத்தில் கிடக்கும். நாலாவது வாரம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சாமிக்கு வைத்த சுத்தமான தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவானேன், வாயில்லாத ஜீவன்கள் குடிக்கட்டுமே என்று சனிக்கிழமை விடியலில் அதைத் தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தேன். நடுவில் தைப்பூசத்துக்காக, தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் போட்ட தண்ணீர்ப்பந்தலுக்குக் குடத்தை இரவல் கொடுத்திருந்தோம். அந்த இரண்டு வாரம் நான் வாளியால் ஊற்றினேன். குடம் திரும்பி வந்தது வியாழக்கிழமை.

இருந்தும் நான் சந்தேகப்பட்டேன். என்னையே சந்தேகப்படுவது எனக்குப் பழக்கமில்லை. சாக்கடை ஓரத்தில் நாலு சின்ன மீன் பிடித்து, இரண்டு சாடிகளில் இரண்டிரண்டாக விட்டேன். ஒன்றில் பைப்புத் தண்ணீர். மற்றதில், புளி போட்டுத் தேய்த்த குடத்தில் ஒரு ராத்திரி வைத்த தண்ணீர். காலை ஆறு மணிக்கு விட்டேன். பத்தரைக்குள் குடத்துத் தண்ணீர் மீன்கள் இரண்டும் செத்தன. மற்ற இரண்டும் சாயங்காலம்வரை ஓடிக்கொண்டிருந்தன.

மைத்துனனைத் தேடிப் போனேன். வரிசை வீட்டின் எட்டாவது அறை. சட்டை இல்லாமல் பாயில் உட்கார்ந்து டிக்கெட் கட்டுகளுக்கு ரப்பர் போட்டுக்கொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். சொன்னால் நம்பவேண்டுமே என்று நோட்டையும் கொடுத்தேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு.

முதலில் அவன் சிரித்தான். "என் வெரல்ல ஒட்டுன செம்பு வெஷம். நீங்க கொடங்கொடமா ஊத்துனது தீர்த்தமா அத்தான்?"

"ஆமாம். தப்பு என்னுடையது" என்றேன்.

பிறகு பக்கங்களைப் புரட்டினான். அவன் எழுந்த நேரம், சன்னலருகே நின்ற நேரம், சிரித்த தேதி. 'மைத்துனன்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினான். ஆறு. நோட்டை மூடி என்னிடம் திருப்பித் தந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"மீனப் பாக்குறீங்கன்னு நெனச்சேன். இத்தன நாளா என்னையப் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

"பெட்டியை எடு. வீட்டுக்குப் போகலாம். உன் அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை."

"அக்காவுக்காக வர்றேன். சாப்பிட வர்றேன். பெட்டி இங்கயே இருக்கட்டும்."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வந்தான். அவன் அக்காள் மூன்று கறி வைத்திருந்தாள்; "போதுமா?" என்று என்னையும் கேட்டாள். அதன்பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆகித் தனிவீடு பார்க்கும்வரை, நான் எண்ணியபடி நூற்று நாற்பத்தொரு சனிக்கிழமை வந்திருக்கிறான். மிச்சமிருந்த நாலு மீன்களும் கொழுத்து நீளமாக வளர்ந்தன. அவற்றைப் பற்றி ஒரு கேலியும் அவன் பேசவில்லை. வந்ததும் முற்றத்துக் குழாயில் கையைக் கழுவி, உள்ளங்கையை ஒருதடவை என் பக்கம் விரித்துக் காட்டுவான். பிறகு தொட்டிக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட உட்காருவான்.