கோலுக்கு ஒரு டம்ளர்

எங்கள் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து என்றால் பந்தை ஒழித்துக்கட்டும் விளையாட்டு. பந்து காலுக்கு வந்த மறுநொடி, சுடுசட்டியைத் தொட்டவர்கள் மாதிரி உதறிவிடுவார்கள். ஒன்று தைலமரக் காட்டுக்குள் போகும், இல்லையென்றால் கருவேல முள்ளில் போய் உட்காரும். பாதிப் பீரியட் விளையாட்டு, மீதிப் பீரியட் பந்து தேடுவது. பஞ்சர் கடைக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே ஸ்டூலைத் துடைத்துப் போடுவார்.

அரிமளத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. கோபம் எனக்கு மூக்கு நுனியில் நிற்கும். என் விசிலைவிடத் தொண்டைக்குத்தான் அங்கே மரியாதை. அப்படிப்பட்ட நான் ஒருநாள் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, குரலில் தேன் தடவிக்கொண்டு கேட்டேன்.

"ஏண்டி பந்தைக் கண்டா இப்புடி அலறுறீங்க? காலுக்குள்ள வச்சு ரெண்டு பேர ஏமாத்திட்டுத்தான் போங்களேன்."

"பறிகுடுத்துட்டா திட்டுவீங்க டீச்சர்."

"நானா? நான் எப்பத் திட்டுனேன்? எந்தக் கழுதைடி சொன்னது நான் திட்டுவேன்னு?" என்று கத்தினேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே சட்டத்தை மாற்றினேன். இனி பந்தைப் பறிகொடுத்தால் திட்டு கிடையாது, பயந்து உதைத்துத் தள்ளினால்தான் திட்டு. அவரவர் இஷ்டத்துக்கு எதையாவது புதிதாகச் செய்ய வேண்டும். கோல்கீப்பர் கையைத் தூக்கினாள். "புதுசா எப்படிச் செய்யணும்னு ஒருவாட்டி செஞ்சு காட்டுங்க டீச்சர். அப்படியே செஞ்சிர்றோம்."

செய்து காட்டினேன். பந்தின்மேல் காலை வைத்துப் பின்னால் உருட்டி, சட்டென்று திரும்பினேன். திரும்பும்போது செம்மண்ணில் வழுக்கிக் கீழே விழுந்தேன். பிறகு அணி மொத்தமும் வரிசையாக வந்தது. ஒவ்வொருத்தியும் பந்தின்மேல் கால் வைத்தாள், உருட்டினாள், திரும்பினாள், பொத்தென்று விழுந்தாள். "சரியா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தாள்.

இந்தக் கூத்தைத் தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். பொன்னமராவதிப் பக்கத்து விவசாயக் குடும்பம், கணக்கில் புலி, பார்ப்பதற்குச் சாதுவான மனிதர். என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், நான் இங்கிட்டு வந்ததுலேருந்து நம்ம பிள்ளைக ஒரு கோல் போட்டு நான் பாத்ததில்ல. கோடை லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்ததும் வருதுல்ல குறுவட்டப் போட்டி, அதுல ஒரே ஒரு கோல் போடச் சொல்லுங்க. இல்லேன்னா அந்தப் பீரியட கணக்குக்கு எடுத்துக்கிறேன். கோவிச்சுக்காதீங்க."

கோவித்துக்கொள்ளத்தான் செய்தேன். வீட்டுக்குப் போனால் அந்தப் பிள்ளைகளுக்கு ஆடு, அடுப்பு, தம்பி, தங்கை. யாரும் ஏவாமல் அவர்கள் தாமாக ஓடுவது அந்த ஒரு பீரியடில்தான். அதையும் கொடுத்துவிட்டால் நான் எதற்கு அந்தப் பள்ளியில்? கணக்குத் தாள்களுக்கு நூல் கோர்ப்பதற்கா? அறையை விட்டு வெளியே வந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அது மாசி மாதம். அதே வாரத்தில் அணியிலேயே சின்னவள், புத்தகப் பையைவிடக் கொஞ்சம் உயரமான ஒரு பெண், சொல்லாமல் லீவு போட்டுவிட்டாள். விசாரித்தால் வீட்டுக் காளையை ஜல்லிக்கட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறாளாம். எங்கள் மாவட்டத்தில் அது காய்ச்சலைவிடப் பெரிய காரணம். இருந்தாலும் அவளைத் திட்டியே தீர்வதென்று பஸ் ஏறிப் போனேன்.

அவள் அம்மா காளையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். இவள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் வாடிவாசலிலிருந்து ஒரு மாடு பாய்ந்து வந்து, யார் கையிலும் சிக்காமல் ஒரே ஓட்டமாக ஓடி மறைந்தது. நான் கைதட்டினேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"அது சும்மா ஓடுற மாடு டீச்சர். எங்க மாடு நின்னு வெளையாடும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மாடு நின்னு வெளையாடுது. நீ என்னடி செய்யுற? பந்து வந்ததும் சும்மா ஓடுற மாடு கணக்கா ஓடுற!"

அவள் முகம் சுண்டிப்போனது. கொஞ்ச நேரத்தில் அவர்கள் காளை வந்தது. வாசலைத் தாண்டியதும் நின்றது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து மண்ணைக் கிளறியது. கிட்டே வந்தவர்களையெல்லாம் இடமும் வலமும் சுற்றவிட்டு வேலிமேல் ஏற்றியது. கூட்டம் அலறிக்கொண்டிருக்க, அவள் மட்டும் மாட்டைப் பார்க்காமல் என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த விளையாட்டுப் பீரியடில் பந்து அவள் காலுக்கு வந்தது. உதைக்கவில்லை, நின்றாள். ஒருத்தி பாய்ந்தாள், இவள் இடுப்பைத் திருப்பினாள், பாய்ந்தவள் தைலமரத்தைக் கட்டிக்கொண்டாள். அடுத்தவளும் அப்படியே போனாள். கடைசியில் கோல்கீப்பர் கோலை விட்டுவிட்டு வந்து விழுந்தாள். எனக்கு விசில் ஊதவே மறந்துபோனது.

அதற்குப் பிறகு அது தொற்று வியாதியாகப் பரவியது. பந்து கிடைத்தவள் காலால் மண்ணைக் கிளறுவாள், மூக்கால் புஸ்ஸென்று சீறுவாள். கோல்கீப்பர் மைக் பிடிக்கிற பாவனையில், "தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு! மாடு வெற்றி! மாட்டுக்காரங்க வந்து பரிச வாங்கிக்கங்க!" என்று கத்துவாள். பரிசு என்று சொல்லிவிட்டால் கொடுக்க வேண்டாமா? என் வீட்டிலிருந்து ஒவ்வொரு எவர்சில்வர் டம்ளராக எடுத்துப்போனேன். கொஞ்ச நாளில் என் கணவர் சொம்பில் காபி குடிக்க ஆரம்பித்தார்.

"பிள்ளைக கிரவுண்டுல முட்டிக்கிருதுகளாமே டீச்சர்?" என்று கேட்டார் தலைமையாசிரியர். "ஒரே ஒரு கோல், ஞாபகம் இருக்கட்டும்."

போட்டி கறம்பக்குடியில் நடந்தது. தலைமையாசிரியரும் வந்திருந்தார். விளையாட்டுப் பீரியடில் கொடுப்பதற்கென்று அச்சடித்த கணக்குத் தாள்களைக் கக்கத்திலேயே வைத்திருந்தார். எதிரணியில் எல்லாரும் வாட்டசாட்டமான பிள்ளைகள், காலில் பூட்ஸ் வேறு. நான்கு கோல் வாங்கிவிட்டோம். ஆனால் ஒருத்தியும் பந்தை உதறவில்லை. பறிகொடுத்தார்கள், விழுந்தார்கள், சீறிக்கொண்டு எழுந்தார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் பந்து சின்னவளிடம் வந்தது.

முதலில் ஒருத்தியைச் சுற்றவிட்டாள். இன்னொருத்தியைத் தாண்டினாள். எதிரணிக் கோல்கீப்பர் ஓடிவந்து காலில் விழ, அவளையும் வளைத்துக்கொண்டு போனாள். முன்னால் வெறும் கோல். ஊதினாலே பந்து உள்ளே போய்விடும்.

அங்கே நின்றாள்.

பந்தின்மேல் காலை வைத்து, கோலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வருகிறவர்களுக்காகக் காத்திருந்தாள். மண்ணை ஒரு கிளறு கிளறினாள்.

"அடிடி! அடிச்சுத் தொலைடி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"இருங்க டீச்சர்!" என்றாள்.

விழுந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். மறுபடியும் சுற்றவிட்டாள். கபடி ஆட வந்த பையன்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து விசிலடித்தார்கள். இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதி உட்கார்ந்தார்கள். இவள் மூன்றாவது சுற்றுக்குத் திரும்பும்போது நடுவர் ஆட்டத்தை முடித்துவிட்டார். பந்து அவள் காலுக்கடியிலேயே இருந்தது. கோல் இல்லை.

போச்சு, பீரியட் போச்சு. தலைமையாசிரியர் பக்கம் திரும்பவே எனக்குத் தைரியமில்லை. திரும்பினால், அவர் நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தார். கணக்குத் தாள்கள் மைதானம் முழுக்கப் பறந்துகொண்டிருந்தன. இறங்கி என்னிடம் வந்தார். கத்திக் கத்திக் குரல் கட்டிப்போயிருந்தது.

"ஏன் டீச்சர் அந்தப் புள்ளைய அடி அடின்னு வெரட்டுனீங்க? நின்னு வெளையாடுற மாட்ட யாராச்சும் வெரட்டுவாங்களா?"

மெதுவாக, "அப்ப அந்தப் பீரியட் சார்?" என்றேன்.

"அதக் கணக்குக்குக் குடுத்துட்டு நான் எங்கிட்டுப் போயி வேடிக்க பாக்குறது?" என்று சொல்லிவிட்டுத் தாள் பொறுக்கப் போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சின்னவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். சந்தோஷம்தான், ஆனாலும் ஆற்றாமை போகவில்லை. "ஒரே ஒரு கோல்டி. ஏண்டி அடிக்கல?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல் திரும்பினாள்.

"அடிச்சா முடிஞ்சு போயிருமே டீச்சர்."

கோல் போடுகிறவளுக்கென்று பையில் வைத்திருந்த டம்ளரை எடுத்து அவள் மடியில் வைத்தேன். எங்கள் வீட்டில் மிச்சமிருந்த டம்ளர் அது ஒன்றுதான். அன்று இரவு நானும் சொம்பில்தான் காபி குடித்தேன்.