மாற்ற ஆள் வரவில்லை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது என் அக்காவுக்கு நிஜமாக நடந்தது. அவளுக்குக் கதை கட்டத் தெரியாது.

அக்காவுக்கு விமான நிலையக் கண்ட்ரோல் டவரில் வேலை. எந்த விமானம் இறங்கலாம், எது காத்திருக்க வேண்டும் என்று மைக்கில் சொல்பவள். இரண்டு பேர் உட்கார வேண்டிய இடம். அங்கே மாற்றலாகிப் போன நாளிலிருந்து அவள் ஒண்டி ஆள்தான். கேட்டால் அதிகாரி, "கொஞ்ச நாள் சமாளிங்கம்மா" என்பார். எழுந்து பாத்ரூம் போக முடியாதே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தாள்.

அன்று காலை ஒரே பனிமூட்டம். கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதையே தெரியவில்லை. வார விடுமுறைகூட இல்லாத உடம்பு, கண் சொருகியது.

மணி 6.40. ஹெட்போனில் ஓர் ஆண் குரல்.

"ரன்வேல ஜீப் நிக்குது. இறக்காதம்மா."

பதறிப்போய், இறங்க வந்த விமானத்தை மேலே திருப்பினாள். பனி லேசாக விலகியது. ஓடுபாதை நடுவில், பழுதாகி நின்றது ஒரு ஜீப்.

பேசியது ஓடுபாதைப் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்து ஆள் யாரோ என்று நினைத்தாள்.

"ரொம்ப நன்றி சார். எங்கேருந்து பேசறீங்க?"

மூச்சு மட்டும். ஹ்ஹ்... ஹ்ஹ்...

"சார்?"

"டூட்டி முடிஞ்சுது. என்னை மாத்த ஆள் வரலை."

வயரைப் பிடுங்கினாள்.

மூச்சு நிற்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றினாள்.

இப்போது அது பக்கத்திலிருந்து கேட்டது...

கிரீச்.

காலி நாற்காலி அவள் பக்கம் திரும்பியது.

"நீதான் மாத்த வந்தியா?"

ஓடியிருப்பாள். ஆனால் மேலே விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே அத்தனை பேர்.

வயரைச் செருகினாள். ஜீப்பை அகற்றச் சொன்னாள். விமானத்தை இறக்கினாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. அதுவரை அந்த மூச்சு அவள் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது.

ஜில்லென்று.

பிறகு ஒருநாள் ஊழியர் சங்கச் செயலாளரிடம் சொல்லி அழுதாள். அவர் முகம் வெளிறியது.

"உனக்கு முன்னாடி இருந்தவர், பதினாறு மணி நேரம் ஒரே ஆளா பார்த்து, அந்த நாற்காலியிலயே போயிட்டாரும்மா. காலைலதான் பார்த்தாங்க. உயிர் போய் மூணு மணி நேரம் ஆச்சுன்னு டாக்டர் சொன்னார்."

எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த மூணு மணி நேரத்துல நாலு ஃபிளைட் இறங்கியிருக்கு. எங்களை இறக்கினது அவர் குரல்தான்னு நாலு பைலட்டும் சொல்றாங்க."